வாய் கொப்பளிக்காத ஞாயிறுகள்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் வாய் கொப்பளிக்க மாட்டோம். பல்லும் விளக்க மாட்டோம். மற்ற ஆறு நாளும் விடிந்ததும் கரித்தூளையோ வேப்பங்குச்சியையோ எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போகிறவர்கள்தான். ஞாயிறு மட்டும் முகத்தை நனைத்துத் துடைத்துக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடியபடி ராயபுரத்துக் கோயிலுக்கு முதல் பூசைக்கு நடப்போம்.

பூசையில் அப்பம் பெறுவதை எங்களவர்கள் நன்மை வாங்குவது என்பார்கள். நன்மை வாங்குகிறவர்கள் முந்தின நாள் நடு இரவிலிருந்து ஒரு பருக்கை சாப்பிடக் கூடாது, ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அது எல்லாக் கத்தோலிக்கருக்கும் இருந்த சட்டம். அதற்கு மேலே என் அப்பா ஒரு சட்டம் போட்டிருந்தார். தண்ணீர் வாய்க்குள் போனால்தானே தொண்டைக்குள் போகும்? அதனால் வாய்க்குள்ளேயே போகக் கூடாது. மழை நாளில் கோயிலுக்குப் போகும்போது வாயைத் திறந்து பேசவும் தடை.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அத்தை தண்ணீர்ப் பானையைத் தட்டால் மூடி, தட்டின் மேல் ஒரு தேங்காயை வைத்துவிடுவாள். தூக்கக் கலக்கத்தில் யாராவது தட்டைத் தூக்கினால் தேங்காய் உருண்டு சத்தம் போடும். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே காலியானபோது நாங்களும் ரயிலேறினோம். விடிந்தபோது ஞாயிற்றுக்கிழமை. இறங்குகிற ஊரில் பூசை கிடைத்தாலும் கிடைக்கும் என்று, அத்தனை கூட்டத்திலும் புழுக்கத்திலும் அப்பா எங்களுக்குக் கூஜாவைத் திறக்கவே இல்லை. பூசை கிடைக்கவில்லை. அவருக்கு அதில் வருத்தமும் இல்லை, விரதம் இருந்தோமே என்ற திருப்திதான்.

அப்பா கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் அவரைத்தான் திட்டப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் வயதில் வந்து, ராயபுரத்தில் கயிற்றுக் கடை போட்டவர். தேங்காய் நார்க் கயிறு, பருத்திக் கயிறு, வலை பின்னுகிற நூல், படகுக்குப் பூசுகிற தார் எல்லாம் விற்போம். கடைக்குப் பின்னாலேயே வீடு. அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே இறந்துவிட்டாள். அப்பாவின் அக்கா, விதவை, எங்களோடு வந்து தங்கிவிட்டாள். அவள்தான் நான் சொல்லும் அத்தை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் எனக்கு ஓர் இடம் வந்தது. மாப்பிள்ளை ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர். அவருடைய அம்மாவுக்கும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், இருப்பது தண்டையார்பேட்டையில். வீட்டுக்கு வந்து பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆகையால் முதலில் கோயில் வாசலில், ஏதோ தற்செயலாகப் பார்த்த மாதிரி பார்த்துக்கொள்வது எங்களவர்களில் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் என்று ஏற்பாடாகியது.

நான் நன்மை வாங்கிவிட்டு வெளியே வந்தேன். அந்த அம்மாள் அன்றைக்கு உடம்பு சரியில்லையென்று காபி குடித்துவிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு, மணக்க மணக்க நின்றாள். என் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"விசுவாச மந்திரம் தெரியுமா மக்ளே? சொல்லு பாப்போம்" என்றாள்.

விசுவாச மந்திரம் நீளமான ஜெபம். நான் அதை ஓர் எழுத்து விழுங்காமல் சொல்வேன், அப்பாவுக்கு அதில் பெருமை. அவளுடைய முகம் என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நிறுத்தி நிதானமாக ஆரம்பித்தேன். மூன்றாவது வரியிலேயே மோவாயிலிருந்து விரல்கள் விலகின. பாதியில் அவள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். தும்மல் வருகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். "போதும் மக்ளே" என்றாள். மெச்சிக்கொள்கிறாள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தமாகச் சொன்னேன். மறுபடியும் "போதும், போதும்" என்றாள். நான் ஆமென் வரைக்கும் போய்த்தான் நிறுத்தினேன்.

புதன்கிழமை தகவல் வந்தது. நானும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து கடைக்கு நூல் கண்டு சுற்றிக்கொண்டிருந்தோம். அத்தை கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"பிள்ள லட்சணமா இருக்காளாம். ஜெபமெல்லாம் நல்லா சொல்லுதாளாம். வாய்தான் நாறுதாம்."

பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விடியக்காலம் பட்டினி வாயி, யாருக்குத்தான் நாறாது? அவ வாயி என்ன மல்லியப்பூவா?" என்று கோபமாகக் கேட்டாள். அதை என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டாள். அப்பாவிடம், மாப்பிள்ளைக்கு வேறு இடம் அமைந்துவிட்டதாம் என்று சொல்லி முடித்துவிட்டாள். அப்பாவுக்குக் கடைசி வரை உண்மை தெரியாது.

எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் இரண்டு கண்டு சுற்றினேன். அத்தை உலை வைக்க எழுந்து போனதும் உள்ளங்கையைக் குவித்து, ஊதி, மோந்து பார்த்தேன். தேங்காய் நார் வாசனை வந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மறுபடி ஊதினேன். அப்போதும் நார் வாசனை, கொஞ்சம் தார். கயிற்றுக்காரன் வீட்டுப் பெண்ணின் கையில் வேறென்ன வாசனை வரும்? அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவையாவது ஊதிப் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட என் வாயின் வாசனை எனக்குத் தெரிந்ததில்லை. தெரியாததால் அது எவ்வளவு மோசம் என்று நானே முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. நான் ஒன்றும் தாராளமாக முடிவு செய்கிறவள் இல்லை.

யாரிடமாவது கேட்டுவிடலாம் என்று பார்த்தேன். அத்தையிடம் கேட்டால் அழுவாள். தினமும் எங்கள் கொல்லை வாசலில் கூடையை இறக்குகிற மீன்காரி ஒருத்தி உண்டு, காசிமேட்டுக்காரி. வாய்த் துடுக்கானவள், பொய் சொல்ல மாட்டாள். ஒருநாள் அத்தை உள்ளே சட்டி எடுக்கப் போன நேரத்தில், "அக்கா, என் வாய் நாறுதான்னு பாரேன்" என்று கேட்டேவிட்டேன்.

"இன்னா கண்ணு, எந்த கஸ்மாலம் சொல்லிச்சு ஒனக்கு?" என்றாள். "தொற வாயை. ஆன்னு சொல்லு."

அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து, மூக்கை நீட்டி நன்றாக இழுத்துப் பார்த்தாள். "ஒண்ணியும் இல்ல. ஜம்முனு கீது. எவளாவது சொல்லிக்கினு திரிஞ்சா என்னாண்ட இட்டா, நான் பாத்துக்கறேன்."

எனக்கு ஒரு நிமிஷம் உடம்பே லேசாகிவிட்டது. பிறகு அவள் இறக்கி வைத்திருந்த கூடையைப் பார்த்தேன். கானாங்கெளுத்தியும் வாளையும் வெயிலில் வாடிக்கிடந்தன. பதினைந்து வருஷமாக அந்தக் கூடையைச் சுமக்கிறவளின் மூக்குக்கு எதுதான் நாறும்? அவள் சாட்சியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அதற்குப் பிறகு வைத்தியம் ஆரம்பித்தேன். கரித்தூளோடு உப்பு. ரோஸ் நிறப் பல்பொடி. கொய்யா இலையை மென்று துப்புவது. கடைசியில் கிராம்புக்கு வந்து சேர்ந்தேன். எப்போதும் நாக்குக்கடியில் இரண்டு கிராம்பு. கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்துப் போகும், பிறகு கன்னத்தின் உட்புறம், பிறகு உதடு. குழம்பில் உப்பே இல்லை என்று அப்பா சொன்னால்தான் எனக்கு உப்பு போட மறந்தது தெரியும். அவர் அதை இரண்டு முறை சொல்லிவிட்டு, பிறகு தாமே போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்.

பேசும்போது கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொள்வது, பிறகு பேச்சையே குறைத்துக்கொள்வது என்று ஆயிற்று. அத்தைக்கு எதிரே உட்கார்ந்து நூல் சுற்றுவதை விட்டுவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வெளிச்சம் இந்தப் பக்கம்தான் நன்றாக இருக்கிறது என்றேன். கோயில் பாட்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தவள், தொண்டை சரியில்லை என்று நின்றுகொண்டேன். பள்ளிக்கூடத்து சிநேகிதிகள் இரண்டு பேர் வீடு வரைக்கும் வந்து பார்த்தார்கள். வாசற்படியில் அவர்கள் நிற்க, நான் மூன்று கெஜம் தள்ளித் தூணோடு ஒட்டி நின்று பேசினேன். மூன்றாவது தடவை அவர்கள் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததா என்று யோசித்தால், நிம்மதிதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வைத்தியமும் இல்லை. வாரத்தில் ஊரே பக்கத்தில் வந்து நிற்கிற நாள் அதுதான், கிராம்பும் கூடாது, உப்பும் கூடாது, தண்ணீரும் கூடாது. பெண்கள் பக்கம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முழந்தாளிட்டிருப்போம். நான் மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டுக்கொண்டு, முக்காட்டை மூக்கு வரை இழுத்துக்கொண்டு இருப்பேன். பக்கத்தில் இருக்கிறவள் எதேச்சையாகத் தலையைத் திருப்பினால் போதும், எனக்கு வியர்த்துவிடும்.

ஒரு ஞாயிறு, அப்பா எழுவதற்கு முன்னால் கொல்லைக்குப் போய், உப்பைக் கரைத்து வாய் கொப்பளித்தேன். சத்தம் கேட்டுவிடக் கூடாதென்று சாம்பல் குவியலின் மேல் துப்பினேன். மூன்று தரம். வாய் அப்படியே புதிதாகப் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அன்றைக்குக் கோயிலுக்கு நடந்துபோனபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

கோயிலுக்குள் போன பிறகுதான் உறைத்தது. கொப்பளித்ததில் ஒரு சொட்டாவது உள்ளே போயிருக்கும். விரதம் முறிந்தாகிவிட்டது. முறிந்த விரதத்தோடு நன்மை வாங்கினால் அது தேவதுரோகம், நேரே நரகம். அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து போனார்கள். நான் முழந்தாளிலேயே இருந்தேன். என்னைத் தாண்டிக்கொண்டு போனார்கள், தாண்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு கொப்பளிக்காமல் போயிருக்கலாம். என்னால் முடியவில்லை. சுத்தமான வாயோடு கூட்டத்தில் உட்கார்ந்த அந்த ஒரு மணி நேரத்தை விட்டுக்கொடுக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறும் கொப்பளித்தேன், எழுந்து போகவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. உயிர்த்த ஞாயிறு வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை தலைகாட்டுகிற குடிகாரர்கள்கூட நன்மை வாங்குகிற நாள் அது. அன்றும் நான் பெஞ்சிலேயே இருந்தேன்.

எங்களவர்களுக்கு ஒருத்தி நன்மைக்கு எழுந்து போகவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியாத சாவான பாவம் ஏதோ அவள் மனசில் கிடக்கிறது. இருபது வயதுப் பெண்ணுக்கு அப்படி என்ன பாவம் இருக்க முடியும் என்று கண்டுபிடிக்க யாருக்கும் அதிக நேரம் ஆகாது. கோயிலில் என் பக்கத்தில் இடம் காலியாக ஆரம்பித்தது. எனக்கு அது வசதியாக இருந்தது. வாய்தான் காரணம், கொப்பளித்தும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த வாரம் நாலு தரம் கொப்பளித்தேன்.

இரண்டாவது இடம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. திருவொற்றியூரில் தீப்பெட்டி ஆலையில் மெஷின் பார்க்கிற ஒருவர். கோயில் திருவிழாவில் என்னைத் தூரத்திலிருந்து பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பியிருந்தார். தூரத்திலிருந்து பார்த்து என்பதில் எனக்கு நம்பிக்கை வந்தது. நானும் அவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, குனிந்து ஒரு கிழவரின் செருப்பு வாரை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை அவரிடம் சொல்ல வாய்ப்பு வரவில்லை, இங்கேயாவது சொல்லிக்கொள்கிறேன்.

அவருடைய தாய்மாமன் ஒருநாள் கடைக்கு வந்தார். கயிறு பார்ப்பதுபோல ஒவ்வொரு சுருளாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்பிடாது. விசாரிச்சதுல, பிள்ள ஒரு வருசமா நன்ம வாங்கலன்னு சொல்லுதாவ. என்ன ஏதுன்னு நாங்க கேக்கல. எங்களுக்கு வேண்டாம்."

அவர் போன பிறகும் அப்பா அந்தக் கயிற்றுச் சுருளைத் திரும்ப அடுக்காமல் அப்படியே நின்றார். அன்று மாலை அத்தை என்னைச் சமையலறையில் மடக்கினாள்.

"யாருட்டி அவன்?"

நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கடைக்கு வாற பயலா? சொல்லித் தொலட்டி. உங்கப்பா வாய்விட்டுக் கேக்க முடியாம உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கான்."

சொல்லியிருக்கலாம். ஒருவனும் இல்லை அத்தே, வாய் கொப்பளிக்கிறேன் என்று ஒரு வரி. அந்த ஒரு வரி எனக்கு வரவில்லை. ஒருத்தன் இருக்கிறான் என்று நினைத்தால் பாதி மானம்தான் போகும். என் வாய் நாறுகிறது என்று என் வாயாலேயே சொல்வதா? அத்தைக்கு முதலிலேயே தெரியும்தான். ஆனாலும் அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அவள் இரண்டு விஷயத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்லை.

அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து, "சாமியார்ட்ட ஒரு தடவ போயிட்டு வந்திரு பிள்ள. என்னன்னு எங்கிட்ட சொல்ல வேண்டாம். அவர்ட்ட சொல்லு, போதும்" என்றார். அப்போது அவர் கண்ணைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தார். என் ஆன்மாவுக்காகப் பயந்தார். கோபித்துக்கொண்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன்.

சாமியாரிடம் முன்பே போய்க் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். பாவசங்கீர்த்தனம் செய்கிற கூண்டில் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஓட்டை போட்ட ஒரு மரப்பலகைதான் இருக்கும். அவர் காது அந்தப் பக்கம், உங்கள் வாய் இந்தப் பக்கம். ஒரு வருஷத்துக்கு மேலாக நான் அங்கே போகாமல் இருந்ததற்கு வேறு காரணம் தேவையில்லை.

அன்றைக்குப் பலகையிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி முழந்தாளிட்டுச் சொன்னேன். சாமியார் வயதானவர், காது மந்தம்.

"கிட்ட வந்து சொல்லு அம்மா. காதுல விழல."

கொஞ்சம் நகர்ந்தேன். முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு உரக்கவே சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை காலையில வாய் கொப்பளிச்சேன் சாமி. அதனால நன்மை வாங்கல."

"கொப்பளிச்சு? முழுங்குனியா, துப்புனியா?"

"துப்புனேன்."

"அப்புறம் என்ன?"

நான் கண்ணைத் திறந்து பலகையைப் பார்த்தேன்.

"துப்பிட்டா விரதம் முறியாது அம்மா. கொப்பளிக்கிறப்ப எச்சிலோட ரெண்டு சொட்டு தெரியாம உள்ள போனாக்கூட முறியாது. யாரு உனக்கு இதெல்லாம் சொன்னது?"

"அப்பா."

பலகைக்கு அந்தப் பக்கம் அவர் சத்தமில்லாமல் சிரிப்பது தெரிந்தது. "உங்கப்பா எந்த ஊரு மேற்றிராணியார்?" என்றார். பிஷப்பை அப்போது மேற்றிராணியார் என்போம். பிறகு, இது பாவமே இல்லை, இருந்தாலும் இத்தனை தூரம் வந்ததற்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டுப் போ என்றார்.

நான் வெளியே வந்து மாதா பீடத்துக்கு முன்னால் மூன்றையும் சொன்னேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இரண்டு இடம் போயிருக்கிறது, சிநேகிதிகள் போயிருக்கிறார்கள், ஊர் வாயில் பெயர் போயிருக்கிறது. எல்லாம் ஒரு செம்புத் தண்ணீருக்காக. அழவோ கத்தவோ ஏதாவது வரும் என்று முழந்தாளிலேயே காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப் போனதும் எழுந்தேன். சில வருஷங்களில், தண்ணீர் குடித்தாலே விரதம் முறியாது என்று ரோமாபுரியிலிருந்து சட்டத்தையே மாற்றிவிட்டார்கள். பிரசங்கத்தில் அதைக் கேட்டபோது அத்தை என் தொடையைக் கிள்ளினாள். வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்கிற மாதிரிதான் எனக்கு இருந்தது.

வீட்டுக்குப் போய், ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பாவிடம் சொன்னேன். வாய் ஒரு மாதிரி இருந்தது, அதனால் கொப்பளித்தேன், கொப்பளித்ததால் நன்மைக்குப் போகவில்லை, அவ்வளவுதான், துப்பிவிட்டால் விரதம் முறியாது என்று சாமியார் சொன்னார் என்றேன். அவர் கயிற்றின் நுனியைப் பிரித்து முடிந்துகொண்டிருந்தார். கை நின்றுவிட்டது.

"இம்புட்டுத்தானா?" என்றார். பிறகு, "சாமி அப்பிடியா சொன்னாவ?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் எழுந்து உள்ளே போய், பானையின் மேல் அத்தை வைத்திருந்த தேங்காயை எடுத்துக் கீழே வைத்தார்.

மறுநாள் காலையில் அவரே தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து, செம்பில் ஊற்றி, உப்பையும் பக்கத்தில் வைத்திருந்தார். அத்தைக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. நாற்பது வருஷத்துக் கடனைத் தீர்க்கிற மாதிரி தொண்டை வரைக்கும் விட்டுக் கடகடவென்று ஓசைப்படுத்தி ஐந்தாறு தரம் கொப்பளித்தாள். நானும் கொப்பளித்தேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கொப்பளிக்கவில்லை. "எனக்குப் பழகிப்போச்சு" என்றார்.

கோயிலில் மணி அடித்தது. நான் எழுந்தேன். பெண்கள் பக்கத்தில் எத்தனை தலை திரும்பியது என்று பார்க்காமலே தெரிந்தது. பீடத்துக்கு முன்னால் குட்டையாக ஒரு கிராதி உண்டு. அதன் ஓரமாக வரிசையாக முழந்தாளிட்டு, கிராதியில் விரித்திருக்கும் வெள்ளைத் துணியை மோவாய்க்கு அடியில் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கை நீட்ட வேண்டும். சாமியார் குனிந்து அப்பத்தை நாக்கில் வைப்பார். ஏழு வயதிலிருந்து ஞாயிறு தவறாமல் செய்தது.

சாமியார் ஒவ்வொருவராக வந்தார். அவருடைய அங்கியின் சரசரப்பு எனக்கு நேரே வந்து நின்றது. லத்தீனில் முணுமுணுப்பது கேட்டது. அவர் குனிந்ததும் அவருடைய மூச்சு என் நெற்றியில் பட்டது. நான் வாயைத் திறக்க நினைத்தேன். நினைத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தாடை வரவில்லை. பயமாக இருந்ததா என்றால் இல்லை, பயந்திருந்தால் நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். வாய் இருக்கிற இடமே தெரியவில்லை.

"வாயைத் திற அம்மா" என்று சாமியார் மெதுவாகச் சொன்னார்.

நான் கண்ணைத் திறந்தேன். அப்பத்தைப் பிடித்த விரல்கள் என் உதட்டுக்கு நேரே இருந்தன. நேற்றுக் கூண்டில் சிரித்தவர்தான். இன்றைக்குச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு நகர்ந்துவிட்டார். எனக்கு அடுத்து அத்தை. அவர் வருவதற்கு முன்பே அவள் வாயைத் திறந்து வைத்திருந்தாள். கிராதியின் அந்த ஓரம், ஆண்கள் பக்கம். அங்கே அப்பா முழந்தாளிட்டிருந்தார். கண்ணை மூட வேண்டிய நேரத்தில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஹார்பருக்குள் போகிற சரக்கு வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அத்தை முன்னால் யாரோடோ பேசிக்கொண்டு நின்றாள். அப்பா வழக்கமாக எங்களுக்குப் பத்தடி முன்னால் நடக்கிறவர், அன்று என் பக்கத்தில் வந்து நின்றார். வண்டிச் சத்தத்தில் கேட்காதே என்று என் பக்கம் குனிந்தார். நான் ஓரடி விலகினேன். அவர் அங்கிருந்தே சத்தமாகக் கேட்டார்.

"தண்ணி உள்ள போயிட்டோ பிள்ள?"

நான் அவரைப் பார்த்தேன். கொப்பளிக்கும்போது ஒரு மடக்கு தெரியாமல் தொண்டையில் இறங்கியிருக்க வேண்டும், அதனால்தான் திறக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி நினைக்க அவருக்கு எவ்வளவு ஆசை என்று முகத்திலேயே தெரிந்தது. வண்டிச் சத்தத்தில் நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"போட்டும், போட்டும்" என்றார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அடுத்த வாரம் பாத்துக்கிடுவோம்."

அடுத்த வாரமும் அவரே தண்ணீர் பிடித்து வைத்தார். நான் கிராதி வரைக்கும் போனேன், வாய் திறக்கவில்லை. கேட்டருகே வந்ததும் கேட்டார், தலையை ஆட்டினேன். அதற்கடுத்த வாரம் நான் கிராதிக்குப் போகவே இல்லை, முழந்தாளிலேயே இருந்தேன். அப்போதும் கேட்டார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. தீப்பெட்டி ஆலைக்காரருக்குப் பிறகு எனக்கு வேறு இடம் வரவில்லை. அப்பாவும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை.

நாலாவது ஞாயிறு கேட் திறந்திருந்தது. அப்பா எங்களுக்கு முன்னால் நடந்தார், ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டும்போது அத்தை என் காதருகே வந்தாள். நான் விலகுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"உங்கப்பனும் இன்னிக்கு நன்மைக்குப் போவலட்டி. எல்லாரும் எந்திச்சுப் போவுதாவ, அவன் உன்னமாதிரியே முட்டுல இருந்துட்டான்."

காபி கொதித்தது. இறக்கி, ஆற்றி, கடைக்குள் கொண்டுபோய் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். நான் மூன்று கெஜம் தள்ளி, கயிற்றுச் சுருள்களோடு ஒட்டி, அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றேன்.